சிரில் பாடிய தட்டு

உங்கள் அப்பா தூங்கட்டும் அம்மா, எழுப்ப வேண்டாம். இப்போதுதான் எங்கள் ஆளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நேரமாகும். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்களாம். அப்புறம் ஒரு மெஷினைக் காதில் மாட்டிப் பார்ப்பார்களாம். சீட்டு எழுதித் தருகிற அந்தப் பெண் சொன்னாள், மாட்டினவுடனே எல்லாருக்கும் முதலில் கேட்பது சன்னமான சத்தங்கள்தானாம். சாவிக்கொத்து, காகிதம் புரட்டுவது, குருவி. சிலர் அழுதேவிடுவார்களாம்.

நானா? எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதில் ஒரு குறையும் இல்லை. வேர்க்கிறதென்றால் ஃபேன் காற்று இந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே போனவரா? அண்ணன் இல்லை, சொந்தம் இல்லை. அவர் பெயர் ஹெக்டர் டிகாஸ்டா. ஆங்கிலோ இந்தியர். எண்பது தாண்டிவிட்டது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். நான் தாயுமானவன், ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். இரண்டு பேரும் ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஒரே ஊர், ஒரே ரயில்வே. ஆனாலும் போன ஆனி மாசம் வரைக்கும் அவரை எனக்குத் தெரியாது.

உங்களிடம் சொன்னால் என்ன? இனிமேல் நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அந்த மெஷின் அவருக்கு நன்றாக அமைய வேண்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு வந்தேன். நானேதான் ஆட்டோ பிடித்தேன். ஆனால் அமைந்துவிட்டால் அவர் நேரே என் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டைக் கேட்பார். அந்தப் பாட்டைப் பற்றி நான் அவரிடம் ஒரு பொய் சொல்லிவைத்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது.

எனக்குத் தட்டு சேர்க்கிற பழக்கம். இசைத்தட்டு. எல்லாரும் சினிமாப் பாட்டு சேர்ப்பார்கள், கச்சேரி சேர்ப்பார்கள். நான் சேர்த்தது வேறு. அமெரிக்காவில் ஐம்பதுகளில் கறுப்பினப் பையன்கள் நாலைந்து பேர் கூடித் தெருமுனையில் நின்று பாடுவார்கள். கையில் வாத்தியம் இருக்காது, வாங்க வசதி கிடையாது. அதனால் ஒருவன் அடிக்குரலில் டூம் டூம் என்று தானே மத்தளமாகிவிடுவான். நடுவில் இரண்டு பேர் ஊ, ஆ என்று பாய் விரித்துக்கொடுப்பார்கள். அதன்மேல் ஒருவன், மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது, பெண்பிள்ளை மாதிரி உச்சக் குரலில் ஏறுவான். காதல் பாட்டுத்தான். ஆனால் சர்ச்சில் முழங்கால் போட்டு அழுகிற மாதிரி இருக்கும். சின்னச் சின்னக் கம்பெனிகள் கொஞ்சம் தட்டு போட்டுவிட்டு மூடிவிடும். அதனால் சில தட்டுகளை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பார்சல் கிளார்க்குக்கு அதெல்லாம் எங்கே கிடைத்தது என்றால், பொன்மலை ரயில்வே காலனியில். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். போவதற்கு முன்னால் வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் பரப்பி ஏலம் விடுவார்கள். கட்டில், பியானோ, சாப்பாட்டு மேஜை. எல்லாரும் மேஜைக்குச் சண்டை போடுவார்கள். நான் மூலையில் கிடக்கிற தட்டுகளைக் கேட்பேன். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் படித்துப் படித்துத்தான் எனக்கு இங்கிலீஷே வந்தது.

எழுபத்து நாலில் ரெஜினால்ட் என்று ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிற பெர்த்துக்குப் போனார். அவர் வீட்டு ஏலத்தில் ஒரு கட்டுத் தட்டு வாங்கினேன். அதில் ஒன்றில் கம்பெனிப் பெயர் அச்சடித்திருக்கவில்லை. வெள்ளைக் காகிதத்தில் மையால் ‘தி சப்வே ஃபோர், பொன்மலை’ என்று எழுதியிருந்தது. என்னவோ என்று வீட்டுக்கு வந்து போட்டேன். என் மனைவி அகிலாண்டம் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றுவிட்டாள். அதே அமெரிக்க முறை, அதே நாலு குரல். ஆனால் பாடினது நம் ஊர்ப் பையன்கள். மேல் குரல் பாடினவன் கடைசியில் ஓர் இடத்தில் ஏறி, அங்கேயே நின்று, உடையாமல் இறங்கினான்.

“யாருங்க இந்தப் பிள்ள?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பில் அலுமினியம் மின்னியது. அது கம்பெனியில் அச்சடித்த தட்டே இல்லை. அலுமினியத் தகட்டின்மேல் நகப்பாலீஷ் மாதிரி ஒன்றைப் பூசி, பாடப் பாட நேரே அதில் கீறி எடுத்தது. அது ஒன்றுதான். நகல் கிடையாது. பூச்சு மெத்தென்று இருக்கும். ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். அதிலும் முதலில் தேய்வது மேல் குரல்தான், அதன் கீறல்தான் மிகவும் நுணுக்கம். அன்றைக்கே உறையில் போட்டுப் பீரோவில் வைத்தேன். பிறகு போடவே இல்லை.

அகிலாண்டம் எப்போதாவது கேட்பாள். “அந்தப் பிள்ள பாட்ட ஒருவாட்டி போடுங்களேன்.” நான் விளக்கிச் சொல்வேன். புரிந்துகொண்டாள். நச்சரிக்கிறவள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்களே, அப்போதும் ஒரு தடவை கேட்டாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தட்டு அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை.

ஹெக்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாசம், ரயில்வே ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிற வரிசை. எனக்கு முன்னால் நெட்டையாக, தொப்பி வைத்த ஒரு பெரியவர் டூம், டூடூம் என்று தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தார். பாட்டு இல்லை, பாட்டின் அடிப்பாகம் மட்டும். ஒரே ஒரு தடவை கேட்டது, எவ்வளவோ வருஷத்துக்கு முன்னால். ஆனாலும் தெரிந்தது.

“சார், அது சப்வே ஃபோர் பாட்டா?” என்றேன்.

அவர் திரும்பின வேகத்தில் தொப்பி விழுந்தது. “யாரு மேன் நீ? போலீஸா?”

அவர்தான் அந்த அடிக்குரல். ரெஜினால்டும் பாஸ்கல் என்று ஒருவரும் நடுக்குரல். மேல் குரல் அவருடைய தம்பி சிரில். ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்க நடைபாதை இருக்கிறது. அதற்குள் நின்றால் எதிரொலி நன்றாக வரும் என்று ஷிஃப்ட் முடிந்து அங்கேதான் போய்ப் பாடுவார்களாம். மேலே கூட்ஸ் வண்டி போனால் நிறுத்திக்கொள்வார்களாம், போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்களாம். மெட்ராஸுக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் அந்த ஒரு பாட்டைப் பதிந்துகொண்டு வந்தார்கள். அந்த வருஷமே சிரில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பத்தொன்பது வயது. பிறகு மற்றவர்கள் பாடவில்லை. தட்டு ரெஜியோடு பெர்த்துக்குப் போய்விட்டது என்றே ஹெக்டர் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

“என் வீட்டுல இருக்கு சார்” என்றேன்.

மாத்திரை வாங்காமலே என்கூட வந்துவிட்டார்.

அன்றைக்கே போட்டிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. ஆனால் நீங்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் அம்மா. என்னிடம் இருந்த ஊசி பழையது, கனமானது. அந்தப் பூச்சில் வைத்தால் உழுதுவிடும். நல்ல ஊசி வரவழைத்து, எல்லாவற்றையும் சரியாகப் பொருத்தி, ஒரே ஒரு தடவை போட வேண்டும். அந்தத் தடவையிலேயே ஃபோனில் பதிந்துகொண்டால் அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அதுதான் முறை. தட்டு சேர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தட்டை உறையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் மையெழுத்தைக் குனிந்து பார்த்தார். “இது சிரில் கையெழுத்து” என்றார். தொடவில்லை.

“மொகம் போட்டோவுல இருக்கு மேன். குரல்தான் மறந்துபோச்சு. நான் பாடினது நெனப்பிருக்கு, ரெஜி பாடினது நெனப்பிருக்கு. அவன் பாடினத மட்டும் எவ்வளவு தேடினாலும் வரமாட்டேங்குது. போறதுக்குள்ள ஒருவாட்டி கேட்டுட்டாப் போதும்.”

“கேக்கலாம் சார். ஊசி வரட்டும்” என்றேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் ஃபோனிலேயே ஊசிக்கு ஆர்டர் போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் பேக்கரிப் பொட்டலம், சூடாக பஃப்ஸ். வந்தால் சாயங்காலம் வரைக்கும் இருப்பார். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததே இல்லை. அவருக்காக ஆம்லெட் போடக் கற்றுக்கொண்டேன். முதல் ஆம்லெட்டைப் பார்த்துவிட்டு, “என்னா மேன் இது, தடம்பொரண்ட வண்டி மாதிரி கெடக்கு?” என்றார். ஆனாலும் தட்டைத் துடைத்த மாதிரி தின்றார். சனிக்கிழமையே நான் வீட்டைக் கூட்டித் துடைத்துவிடுவேன். அகிலாண்டம் போன பிறகு எடுக்காமலே வைத்திருந்த பீங்கான் கோப்பைகளை எடுத்துக் கழுவினேன்.

வாராவாரம் கேட்பார். “ஊசி வந்துச்சா மேன்?”

“வரல சார்.”

“பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வந்து வந்து தின்னுட்டுப் போறேன். பொண்ணக் கண்ணுல காட்ட மாட்டேங்குறியே!”

ஆவணியில் ஊசி வந்துவிட்டது.

சொல்லவில்லை. ஏனென்றால் தட்டைச் சுழற்றுகிற டர்ன்டேபிளின் பெல்ட் கொஞ்சம் தளர்ந்த மாதிரி எனக்குப் பட்டது. வேகம் பிசகினால் குரல் பிசகும். பெல்ட்டை மாற்றினேன். அதற்குள் புரட்டாசி. தட்டின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது, பழைய பூச்சு அப்படித்தான் பூக்கும். அதைத் துடைக்க நல்ல துணி வேண்டும், காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். அப்புறம் மழை வருகிற மாதிரி இருந்தது, கரண்ட் நடுவில் போய்விட்டால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் நான் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடவில்லை.

என்ன கேட்டீர்கள்? அவர் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவா? சேச்சே. எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கே போய்விடும்.

ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல். ரயில்வே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோவேன். “ஊசி வந்துச்சா?” என்று அங்கேயும் கேட்டார். பிழைத்து வந்தார். வந்தவர் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் குக்கர் விசில் அடித்தால், “ஒன் எஞ்சின் கூப்புடுது, போ மேன்” என்பார். அன்றைக்கு விசில் அடித்தது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். கதையில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தேன். சட்டைப்பையில் ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. என்னிடம் பேசும்போது எடுக்கக் கூடாது என்கிற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அவரேதான் சொன்னார். காய்ச்சலுக்குப் பிறகு காது மோசமாகிவிட்டது, சன்னமான சத்தமெல்லாம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

“அடிக்குரல் பாடுறவனுக்கு அடிக்குரல் கேட்டாப் போதும் மேன்” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்தேன் அம்மா. தட்டில் மேல் குரல்தான் முதலில் தேயும் என்று தெரிந்தவன். மனுஷன் காதைப் பற்றி எனக்கு அந்த நிமிஷம் ஒன்றும் தோன்றவில்லை.

கார்த்திகை முடிகிற சமயம் ஒரு ஞாயிறு வந்து, “பொங்கலுக்கு அப்புறம் இவோன் கூட்டிட்டுப் போறா. இனி அங்கதான்” என்றார். இவோன் அவருடைய மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். அடுத்த ஞாயிறே தட்டைப் போட்டுவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அவர் போகிறார் என்பதற்காக இல்லை. எல்லாம் தயாராகிவிட்டது, அதனால்.

“ஊசி வந்துடுச்சு சார்” என்றேன்.

கோட்டு போட்டுக்கொண்டு வந்தார் அந்த ஞாயிறு. கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. நான் ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், ஃபோனைப் பக்கத்தில் வைத்துப் பதிவுக்குத் தட்டினேன். ஊசியை இறக்கினேன்.

முதலில் கரகரப்பு. அப்புறம் டூம், டூடூம். இருபது வயது ஹெக்டர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. முழங்காலில் தாளம் போட்டார். ரெஜியும் பாஸ்கலும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் சிரில் வந்தான். எப்படிச் சொல்வது, நேற்றுப் பாடினது மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். முன்னால் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தாளத்தைக்கூட நிறுத்திவிட்டு. சிரில் பாடிக்கொண்டே இருந்தான். அவர் காத்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்துவிட்டது.

“எங்க மேன் சிரில்?” என்றார்.

நான் ஊசியைத் தூக்கி வைத்தேன்.

“நான் மட்டும் மாடு மாதிரி கத்திக்கிட்டிருக்கேன். ரெஜி லேசா இருக்கான். சிரில் எங்க? வரவே இல்லையே?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்வதென்றால், அவன் இருக்கிறான் சார், உங்கள் காதுதான் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். காது எப்போது போனது, ஊசி எப்போது வந்தது என்று அவர் கேட்பார். கேட்கமாட்டாரோ என்னவோ. எனக்குக் கேட்பார் என்று தோன்றியது.

“ரெக்கார்டு தேஞ்சுபோச்சு சார்” என்றேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. “மேல் குரல்தான் மொதல்ல போகும்.”

அவர் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏய், நீ எதுக்கு மேன் அழுவுற? எத்தன வருஷம் கொழந்த மாதிரி வச்சிருந்திருக்க! நீ வாங்கலைன்னா குப்பையில போயிருக்கும். நான் பாடினதாவது மிச்சம் இருக்கே. மனுஷனே போறான், ரெக்கார்டு போகாதா? விடு.”

அன்றைக்கு ஆம்லெட் அவர்தான் போட்டார். எனக்கும் ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தார். தின்றேன்.

சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், தாயு எனக்காக அழுதான் என்று. ஒரு நாள் கடைத்தெருவில் அவர்களுடைய ஃபாதர் என்னை நிறுத்திக் கைகொடுத்தார். கையைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அடுத்த ஞாயிறு ஹெக்டர் வரமாட்டார் என்று நினைத்து ஒருவருக்கு மட்டும் சமைத்துவைத்திருந்தேன். வழக்கம்போலப் பொட்டலத்தோடு வந்து நின்றார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அதுதான் எனக்குப் புரியவில்லை அம்மா. பாட்டு இல்லை என்று ஆன பிறகும் ஏன் வருகிறார்?

போன வாரம் இவோன் ஃபோன் செய்தாள். “அங்கிள், டாடி இங்க வர்றதுக்கு முன்னாடி காது மெஷின் பாத்துடுங்க. நான் சொன்னா கேக்கமாட்டார், நீங்க சொன்னா கேப்பார்.” சொன்னேன். உடனே சரி என்றுவிட்டார். நான் சொன்னால் கேட்கிறார்.

இதோ, அன்றைக்குப் பதிந்தது இந்த ஃபோனில்தான் இருக்கிறது. தினம் வாக்கிங் போகும்போது கேட்கிறேன். ஒரு விசித்திரம் பாருங்கள், இந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரல் எடுபடாது. ஹெக்டர் காணாமல் போய்விடுகிறார். சிரில் மட்டும் தனியாகப் பாடுகிறான். போட்டுக் காட்டவா? வேண்டாம், உங்கள் அப்பா எழுந்துவிடுவார்.

இல்லை, மெஷின் அமையக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அப்படி யாராவது நினைப்பார்களா? எல்லாருக்கும் முதல் தடவையே அமையாது என்று அந்தப் பெண் சொன்னாள், அதைத்தான் சொல்கிறேன். அமையவில்லை என்றாலும் அவர் கோயம்புத்தூர் போய்விடுவார், நானும் எதையும் சொல்ல வேண்டியதில்லை...

கதவு திறக்கிறது. அவர்தான்.

வாங்க சார். என்ன இப்படிச் சிரிக்கிறீங்க? எது? இந்தம்மா வளையலா? அந்தச் சத்தம் கேக்குதா? கேலண்டர் தாள் அடிக்கிறதுகூடவா? நெசமாவா?

ஒண்ணுமில்ல சார், சும்மா பேசிக்கிட்டிருந்தோம். இல்ல, கண்ணுல தூசி. இல்ல... கொஞ்சம் இப்படி உக்காருங்க. போகலாம், ஆட்டோ எங்கயும் போயிடாது. மொதல்ல உக்காருங்க.

ரெக்கார்டு தேயல சார். அன்னிக்கு நான் பொய் சொன்னேன். சிரில் அதுல இருக்கான். நல்லா இருக்கான், ஒரு கீறல் இல்ல. ஊசி ஆவணியிலயே வந்துடுச்சு சார். உங்களுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. நான்தான் சொல்லல.

திட்டுங்க.

சரி. திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம். இந்த ஃபோனப் பிடிங்க. இப்படி, மெஷினுக்குப் பக்கத்துல. நீங்க இதுல இருக்கமாட்டீங்க சார். அவன் மட்டும்தான்.